தாடைத்தாங்கி வலப்பக்கம்

தேங்காப்பட்டணத்தில் நெய்மீனுக்கு விலை கூவுகிறவர்
செவுளைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் வாய் திறப்பார்.
நான் பக்கத்தில் நின்று சிட்டை எழுதுகிறவள்.
எந்த விரல் எப்போது உயர்ந்தது,
அந்த விரலுக்குப் பணம் கொடுக்கும் உத்தேசம் உண்டா,
பதினோரு வருஷத்தில் அது பேனாவுக்கே தெரியும்.

இரவு ஒன்றரைக்குக் கைப்பேசியில் இன்னொரு ஏலம்.
ஜெர்மனி வயலின், நூறு வருஷப் பழசு,
அப்பா இறந்துவிட்டார், அவசரம்,
பெட்டியும் வில்லும் இலவசம்.
ஆரம்ப விலை மூவாயிரம்.

படத்தைப் பெரிதாக்கினேன்.
தேன் நிற வார்னிஷ். குறை சொல்ல ஒன்றுமில்லை,
ஆனாலும் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை.
கோயில் பாடகர் குழுவில் நான் வாசிக்கிற வயலினை எடுத்து
மடியில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன்.
என்னுடையதில் தாடைத்தாங்கி இடப்பக்கம்.
அதில் வலப்பக்கம்.
ஈ கம்பியின் சின்னத் திருகு
ஜி கம்பி இருக்க வேண்டிய இடத்தில்.
இடதுகைக்காரர் வயலினாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.
ஆசைப்பட்டால் காரணம் தானாக வந்து நிற்கும்.

பெட்டிக்குள் ஒரு ரோசின் டப்பா.
அதன் எழுத்து
முகம் பார்க்கும் கண்ணாடியில்போலத் திரும்பிக் கிடந்தது.
யாருடைய படத்தையோ எடுத்து
தேடினால் அகப்படாதபடி புரட்டிப் போட்டிருக்கிறான்.

விலை ஏற்றுகிறவர்கள் மூன்று பேர்.
இரண்டு பேர் போன வாரம்தான் கணக்குத் தொடங்கியவர்கள்.
ஐந்நூறு ஐந்நூறாய் ஏற்றுவார்கள்,
மூன்றாமவன் தயங்கினால் அவர்களும் தயங்குவார்கள்.
இது எனக்குத் தெரியும்.
எங்கள் வள்ளத்து மீனுக்கு ஒருமுறை
கொழுந்தனைக் கூட்டத்தில் நிறுத்தி
விரலைத் தூக்கச் சொன்னது நான்தான்.
அதைப்பற்றி இங்கே இவ்வளவு போதும்.

மூன்றாமவன் மேல்புறம் ஷைன்.
தம்பி, ஏத்தாதீங்க, படம் புரட்டிப் போட்டது என்று அனுப்பினேன்.
உடனே பதில்:
“நீங்க எடுக்கதுக்குப் பாக்கியளாக்கும்.”
என்னைத் தோற்கடிக்கப் பதினாறாயிரம் என்றான்.

புகார் பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது.
ஆபாசம், ஆயுதம், வனவிலங்கு, பிற.
பிற.
தாடைத்தாங்கி வலப்பக்கம் இருக்கிறது என்று தொடங்கி
டப்பாவின் எழுத்தையும்
அந்த இருவர் ஏற்றிய நேரங்களையும்
சிட்டைபோல் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதினேன்.
உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்றது.

விடிந்ததும் நாகர்கோவிலுக்குப் பேசினேன்.
“எவ்வளவு போச்சு?”
ஒண்ணும் போகல்ல.
“பொறவு?”
போகப்போகுது சார், இன்னொருத்தருக்கு.
தட்டச்சுச் சத்தம் நின்றது.
“அவரு வந்து சொல்லட்டும்.”
ஆனாலும் பெயர் கேட்டார். ஜெனோவா என்றேன்.
எழுதினாரா, தெரியாது.

மதியம் விளம்பரத்தைக் காணவில்லை.
ஷைனிடமிருந்தும் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை
அதே வயலின், வேறு பெயர், வேறு அப்பா, கோயம்புத்தூர்.
தாடைத்தாங்கி இடப்பக்கம்.
என் புகாரை ஒருவனாவது ஒழுங்காக வாசித்திருக்கிறான்.

சிரிப்பு அடங்கியபின் இன்னொருமுறை பார்த்தேன்.
நேராக்கிய அவசரத்தில் ஓரத்தை வெட்ட மறந்திருந்தான்.
சுவரில் பாதிக் காலண்டர்:
ரப்பர் ஷீட் கொள்முதல், அருமனை.
கீழே எண்.

ஒரு பெண் எடுத்தாள்.
அந்தக் காலண்டர் இருநூறு வீட்டுக்குக் கொடுத்தது என்றாள்.
வயலின் உள்ள வீடு எது என்று கேட்டேன்.
“இங்க ஒண்ணு உண்டு. விக்கப்போறம்னு ஆராவது சொன்னாவளா?”
வித்துக்கிட்டிருக்கு. இப்ப இருபத்தோராயிரம்.
“நில்லுங்க.”

போனை எதன்மேலோ வைத்தாள்.
கட்டிலுக்கடியிலிருந்து இழுபடும் பெட்டி.
கொக்கி ஒன்று. கொக்கி இரண்டு.
நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
பிறகு விரலால் சுண்டிய ஒரு கம்பி,
ஜி,
அரைச் சுருதி இறங்கி.