வகுத்த நேரம்

கெலவரப்பள்ளி அணையில்
முதலில் கரை தொட்டது
ஜெரால்டின் ஃபைபர் படகு.
நான் கை தட்டவில்லை.
நொடிகளைக் குறித்துக்கொண்டேன்,
படகின் எண்ணால் வகுக்க:
அதற்கு 960.
திம்மராயனின் பிளைவுட்டுக்கு 1240.

ஜெரால்ட் பாயைச் சுருட்டி
இரண்டாவது போண்டாவைக் கடிக்கும்போது
ஆற்று நுரையைக் கிழித்துக்கொண்டு
வந்து சேர்ந்தான் திம்மராயன்,
கடைசியாக.

கால்குலேட்டரை இரண்டுமுறை தட்டிப் பார்த்தேன்.
ஐம்பத்தைந்து நொடியில்
ஜெயித்திருந்தான்.

"நான் கரையேறின பிறகுதானே
காத்து ஏறிச்சு, அதுக்கு என்ன நம்பர்?"
என்றான் ஜெரால்ட்.
காற்றுக்கு நம்பர் இல்லை.

கரையில் நின்ற மகள்
கண்ணால் கண்டதைச் சொன்னாள்:
"அப்பா லாஸ்ட்டு."

கோப்பையை மேசையிலேயே மறந்துவிட்டு
கணக்குப் போட்ட சீட்டைக்
கேட்டு வாங்கினான்,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்து,
ஓரத்தில் பிடித்து.