ஒன்று கூடுதல்

சின்னத்துறையில் வேன் எடுக்கும்போது எண்ணினேன்:
இருபத்துமூன்று.
மார்த்தாண்டம் பாலத்தடியில்
லிபின் வாந்தியெடுத்துத் திரும்ப ஏறியதும் எண்ணினேன்.
குலசேகரம் தாண்டி
ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கத் தொடங்கின.
“டீச்சர், இதுக்கெல்லாம் இன்னைக்கி அசெம்பிளியா?”
ஜெனிஷா கேட்டாள்.
ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு சிரட்டை,
சத்துணவு வரிசையில் தட்டு பிடித்ததுபோல்.

குருளையர் முகாம், இரண்டு இரவு.
ஸ்கார்ஃபு, போர்வை, தட்டு, தம்ளர்
என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.
ஆன்றோவின் அம்மா
கருவாட்டுப் பொடியும் சேர்த்துக் கட்டியிருந்தாள்.
மலைக்குப் போகிற பிள்ளை அங்கே எதைத் தின்னும்!

எண்ணுவது உமக்கு ஒரு தீனம் என்பார்
ஸ்டீபன்சன் சார்.
இருக்கலாம்.

நவம்பர் ஒன்று லீவு.
மாவட்டம் சேர்ந்த நாள் என்று எத்தனை முறை சொன்னாலும்
“கலெக்டர் லீவு விட்டாரு” என்பார்கள்.
முப்பதுக்கு லீவு இல்லை.
காலையில் கொடிமரத்தடியில் மெழுகுவர்த்தி கொளுத்துவோம்.
காற்று அணைக்கும். இரண்டாம் வகுப்பு
கைகூட்டி மறைத்து நிற்கும்.
புயலில் போனவர்கள் எங்களிடம் படித்தவர்கள்,
அதனால் பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான்
பெயர் வாசிப்போம்.
போன வருஷம் சார் வாசித்தார்:
“அ. சூசைராஜன்.”
ஒன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து
“உள்ளேன் ஐயா.”

சித்தப்பாவின் பெயரை இட்ட பிள்ளை.
கூப்பிட்டார்கள், சொன்னான்.
பெரிய வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி
மணலில் உட்கார்ந்துவிட்டாள்.
சார் அடுத்த பெயருக்கு வெகுநேரம் போகவில்லை.
நான் ஒன்றாம் வகுப்பை எண்ணினேன்.
வேறென்ன செய்ய?

பேச்சிப்பாறையில் ராத்திரி பத்து மணி.
தீ அணைந்தது, பாட்டு தீர்ந்தது,
ஒருத்தரும் உறங்கவில்லை.
“டீச்சர், காது அடைச்சிருக்கு.”
“எனக்கும்.”
“எனக்கும் டீச்சர்.”
கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது:
கடல் சத்தம் இல்லை.
பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட
அது நின்றுபோய் இவர்கள் அறிந்ததில்லை.
அணையில் தண்ணீர் அவ்வளவு கிடக்கிறது,
ஒரு வார்த்தை பேசாமல்.
பிறகு ரெக்சன், போர்வைக்குள்ளிருந்து,
வாயால் அலையடிக்கத் தொடங்கினான்.
உஷ்ஷ் என்று ஒன்று, இழுத்து இன்னொன்று.
கூடவே நாலைந்து பேர்.
அப்படியே உறங்கிப்போனார்கள்.

மூன்று மணிக்கு டார்ச்சோடு எழுந்து எண்ணினேன்.
இருபத்துநான்கு.
கால்களை விட்டுத் தலைகளை மட்டும்,
மறுபடியும் முதலிலிருந்து.
இருபத்துநான்கு.
குறைந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.
விசில், போலீஸ், பெற்றோர் நம்பர்,
எல்லாம் பையில் உண்டு.
கூடினால்?

வெளியே மரங்களுக்கிடையில் ஒரு வெளிச்சம்
நின்று நின்று வந்தது.
நெற்றியில் விளக்கு, கையில் கத்தி,
பால் வெட்டப் போகிற பெண்.
“டீச்சரே, இஞ்ச ஒண்ணு கூடுதலா கெடக்கா?
தீ பாக்கணும்னு போனவளாக்கும்.”
“கெடக்கு” என்றேன்.
அந்தச் சொல்லை அதுவரை
நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜெனிஷாவின் போர்வையில் பாதியை இழுத்துக்கொண்டு
சரிகா, மூன்றாம் வகுப்பு, தோட்டத்துப் பள்ளி.
அம்மா குனிந்தபோது
வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.
எழுப்பவில்லை.
“விடியட்டு” என்று சொல்லி
முதல் மரத்துக்குப் போனாள்.

திரும்பும்போது, அதே பாலத்தடியில், லிபின் மறுபடியும்.
எண்ணினேன். இருபத்துமூன்று.
சரிதான்.
சரிகா உருட்டிக் கொடுத்த ஒட்டுப்பால் பந்து
சீட்டுக்கடியில் எங்கேயோ
வளைவுக்கு வளைவு முட்டி முட்டித் திரும்பியது.
நாற்றம் தாங்கவில்லை.
வெளியே எறிய ஒருத்தரும் விடவில்லை.