சதுரத் துளை

மார்ச் மாதம். பைக்கால் ஏரி.
பனிக்கட்டியின் தடிமன் எழுபத்தொரு சென்டிமீட்டர் என்று
கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது.
அதன்மேல் ஒரு வின்ச், ஒரு இரும்படுப்பு,
உருளைக்கிழங்கு மூட்டை இரண்டு, எட்டுப் பேர்.
அதன்கீழ் ஆயிரத்து முந்நூறு மீட்டர் தண்ணீர்.

வானத்தைப் பார்க்க வந்தவர்கள்
குனிந்து நிற்கிறார்கள்.

ரம்பத்தால் அறுத்த சதுரத் துளை.
கொதிக்காமலே ஆவி பறக்கிறது.
ஸொரிக்தோ கம்பிவடத்தை விடுகிறான்.
பதினைந்து மீட்டருக்கு ஒன்றாய்
இறங்குகின்றன கண்ணாடி உருண்டைகள்,
தர்பூசணிப் பருமன்,
ஒவ்வொன்றும் அடியாழத்தைப் பார்த்தபடி.

ஏன் கீழே?
முதல் வருடமே கேட்டுவிட்டான்.
வர்வாரா கையுறையைக் கழற்றாமல் சொன்னாள்:
மேலிருந்து கொட்டுவது இரைச்சல்.
பூமியையே சல்லடையாய்ப் பிடித்தால்
மறுபக்கத்து வானம் மட்டும் தேறும்.
மண், பாறை, உருகிய இரும்பு
எதிலும் இடறாமல் வருகிற துகள்களில்
எண்ணி மாளாததில் ஒன்று
இந்தத் தண்ணீரில் முட்டிக்கொள்ளும்.
ஒரு நீலப் பொட்டு.
இமைப்பொழுதைக் கோடிப் பங்காய் அரிந்து
அதில் ஒரு பங்கு நேரம்.

வருடத்துக்கு எத்தனை கிடைக்கும்?

முகவரியோடு என்றால்
(கொஞ்சம் யோசித்து)
இரண்டு. மூன்றாகவும் இருக்கலாம்.

அவன் சிரிக்கவில்லை.
இதே ஏரியில் ஓமுல் மீனுக்கு வலை விரித்தவன்.
வெறுமையின் எடை
தோளுக்குத் தெரியும்.
வலையில் நூல் கொஞ்சம்தான்,
மீதியெல்லாம் கண்.
கண்வழிப் போவது போகட்டும் என்று
விடத் தெரிந்தால்தான் வலை.

பதினொன்றாம் தேதி இரவு
பன்னிரண்டாவது உருண்டைக்கு முடிச்சுப் போடும்போது
யாரோ மூக்கைச் சிந்தியதுபோல் ஒரு சத்தம்.
துளைக்குள் ஒரு தலை.

சீல்.
இந்த ஏரியை விட்டால் வேறு உலகம் இல்லாத சாதி.
மீசை நுனியில் பனி கட்டிக்கொண்டிருந்தது.
தன் நகம் கீறாத ஒரு துளையை,
நான்கு மூலை உள்ள ஒரு துளையை
அது அன்றுதான் பார்த்திருக்கும்.
ஆயிரம் நாள் நீந்தித் தெரிந்த இருட்டுக் கூரையில்
திடீரென்று சதுரமாய் ஒரு மஞ்சள் வெளிச்சம்.
வந்து எட்டிப் பார்த்தால்
எட்டு முகங்கள்.

மூச்சு வாங்கியது.
விளக்கைப் பார்த்தது. வின்ச்சைப் பார்த்தது.
கைக்குழந்தைபோல் உருண்டையை அணைத்து நின்ற
வர்வாராவை நெடுநேரம் பார்த்தது.
என்ன முடிவுக்கு வந்ததோ,
மூழ்கிவிட்டது.

குறிப்பேட்டில் இன்னகேந்தி எழுதினான்:
'1:40. சீல், ஒன்று. வேலை நின்றது நான்கு நிமிடம்.'

கரையில் பிறகு கழித்தல் கணக்கு.
கம்பிவடத்தின் கோளாறைக் கழி.
மேலிருந்து கொட்டியதைக் கழி.
ஏரிக்கும் சொந்தமாய் ஒரு மினுக்கம் உண்டாம்,
ஆகஸ்டில் கூடுமாம்,
அதையும் கழி.
நாம் மேலே நடந்ததை, சமைத்ததை,
சண்டை போட்டதைக் கழிக்க வேண்டாமா
என்று கேட்டான்.
அவள் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
அந்த அளவுக்கு நாம் பெரிதில்லை, ஸொரிக்தோ.
தேநீரை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:
ஆனால் கழிப்பது நாம்தான்.

ஏப்ரலில் பனிக்கட்டி முனகத் தொடங்கியது.
கொட்டகைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
துளை முதலில் பாலாடைபோல் மூடியது,
பிறகு ஏரியே திறந்துகொண்டது.
அந்தச் சதுரத்தை அது
மறுபடி தேடி வந்ததா என்று
எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

ஜூலையில் ஒரு குறுஞ்செய்தி.
லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான்.
'ஒன்று கிடைத்திருக்கிறது. இருக்கலாம்.'
எங்கிருந்து?
'தெற்கு வானம். ரொம்பப் பழையது.
நீ இறக்கிய வடத்தில்தான்.'

கையில் கிரீஸ்.
பட்டப்பகல், நல்ல வெயில்.
அவன் அண்ணாந்து பார்க்கவில்லை.
ஜாக்கியை மெல்ல இறக்கிவிட்டு
கொஞ்ச நேரம்
காலடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.