வலது பக்கக் கண்ணாடி

ஆயிரத்து நானூறு கேட்டார் ஆரின் ஷ்லாக்கி.
ஆயிரத்து நூறு என்றேன்.
வானத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்,
"டயர் நாலும் புதுசு" என்றார்.
மூன்றுதான் புதுசு.
ஆயிரத்து நூற்றைம்பதில் கை குலுக்கிக்கொண்டோம்.

எண்பத்தாறாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப்.
ஆறு சிலிண்டர். ஒரு காலத்தில் நீலம்.
கதவுக்குக் கீழே தகட்டைத் துரு
ரஸ்க் போலக் கடித்து வைத்திருந்தது.
டேஷ்போர்டு அறையில் எலி மெத்தை,
ஏழு வருஷத்து இன்சூரன்ஸ் தாள்களைக் கிழித்துத் தைத்தது.
கொடுத்துவைத்த எலி.
எனக்கு அவ்வளவு காப்பீடு என்றுமே இருந்ததில்லை.

நயோபிரேரா ஆற்றுக்கு வடக்கே
தொண்ணூற்றொரு தபால் பெட்டிகள் என் பொறுப்பு.
நெப்ராஸ்காவின் இந்த மணல் மேடுகளில்
ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே
இரண்டு மைல் புல், நாற்பது மாடு.
வண்டி அவர்கள் தரமாட்டார்கள்.
சொந்த வண்டி, சொந்த முதுகு.
வலப்பக்கம் உட்கார்ந்து
இடக்கையையும் இடக்காலையும் மட்டும்
ஓட்டுநர் வேலைக்கு அனுப்பிவைப்பேன்.
வலக்கை ஜன்னல் வழியே கடிதம் போடும்.

அந்த ஜன்னல்தான் இறங்கவில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
ரேடியேட்டருக்கு இருநூறு,
கார்புரேட்டருக்கு மூன்று ஞாயிறுகள்,
பிரேக் குழாய் என் சட்டை மேலேயே வெடித்தது.
டெல்பர்ட் வெல்டிங் மெஷினை இரவல் தந்தார்,
கூடவே அறிவுரையும் தந்தார்,
மெஷினை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியாகத்தான் அந்தக் கதவைத் திறந்தேன்.
உள்ளே சூரியகாந்தி விதைத் தோல்,
பல் உடைந்த சீப்பு,
ராப்பிட் சிட்டி பல் மருத்துவரின் சீட்டு.
கம்பி முனையில் ஒரு பிளாஸ்டிக் உருளை
தேய்ந்து, பட்டாணியளவாகி, நழுவிக் கிடந்தது.
புதுசு நாலு டாலர்.
நாற்பது நிமிஷ வேலை,
அதில் பத்து, விழுந்த ஸ்க்ரூவைத் தேடியது.

நவம்பரில் ஒரு ஞாயிறு ஆரின் வந்தார்.
இரண்டாயிரம் தருகிறேன், வண்டியைத் திருப்பிக் கொடு என்றார்.
முடியாது என்றேன்.
ஒரு சுற்று வேண்டுமானால் போகலாம்.

அவர் கால்கள் தாமாகவே ஸ்டியரிங் பக்கம் நடந்தன.
பிறகு மறுபக்கம் வந்து ஏறினார்.
பதினோரு வருஷத்தில்
இந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை என்றார்.
இங்கிருந்து பார்த்தால் சாலை வேறு மாதிரி இருக்கிறது என்றார்.
என்ஜினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பாலம் தாண்டியதும்,
கை வைக்க இடம் தேடிய பழக்கத்திலோ என்னவோ,
கைப்பிடியைச் சுழற்றினார்.
கண்ணாடி இறங்கியது.

"இது இறங்குமா?"

மேலே ஏற்றினார். இறக்கினார். ஏற்றினார்.
கோடையில் மாக்ஸீன் கேட்டுக்கொண்டே இருப்பாள், என்றார்.
கொஞ்சம் காற்று, கொஞ்சம் காற்று என்பாள்.
என் பக்கம்தான் திறந்திருக்கிறதே என்பேன்.
அவள் இப்போது ராப்பிட் சிட்டியில், என்றார்,
ஏதோ நான் கேட்டதைப் போல.

கொஞ்ச தூரம் மாடுகளை எண்ணியபடி போனோம்.

"எவ்வளவு ஆச்சு, அதைச் சரிபண்ண?"

நாலு டாலர் என்பது
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
"கதவையே கழற்ற வேண்டியிருந்தது" என்றேன்.
அது பொய்யில்லை.
"அப்படித்தான் இருக்கும்" என்றார்.
"நானும் அப்படித்தான் நினைத்தேன்."

அவர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டார்.
கதவை இரண்டு முறை சாத்தவேண்டும் என்று
எனக்கே சொல்லித் தந்தார்.
கண்ணாடியை இறக்கியபடியே விட்டுவிட்டுப் போனார்.

குளிர் உள்ளே வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தது.
எட்டிச் சுழற்றினேன்.
பாதியில் கொஞ்சம் முனகுகிறது.
நாளைக்குள் ஒரு துளி கிரீஸ் வைக்கவேண்டும்.
தொண்ணூற்றொரு பெட்டிகள்.