வேலியில் ஒரு பொட்டு

நீர்வேலியில் ஒன்பது, அச்செழுவில் பதினொன்று,
மிச்சம் புத்தூர்ப் பக்கம்.
அறுபத்தொரு கிணறுகள்.
மூன்று மாரி, மூன்று கோடை,
போத்தல் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி
நான்தான் அள்ளினேன்.
நைத்திரேற்று எவ்வளவு, கயிறு எத்தனை அடி,
எல்லாம் கொப்பியில் பென்சிலால்.
மழைக்குப் பேனை நிற்காது.
இரண்டு கிணற்றில் கருவியும் இறக்கினேன்.

நாலு வருசம் கழித்துக் கட்டுரை வந்தது.
பேராசிரியர் கேக் வெட்டினார்.
என் பெயர் நன்றியுரையில்,
ஜெனரேற்றர் தந்தவருக்கு அடுத்து.
கிணறுகள் வரைபடத்தில்
எறும்பு முட்டையளவு புள்ளிகள்.

புவனலோஜினி போன் எடுத்தாள்.
"தண்ணி கொண்டுபோனியளே, என்னவாம்?
பிள்ளைக்கு மாக் கரைக்கலாமோ?"
பிள்ளைக்கு நாற்பது நாள்.
வெங்காயத்துக்கு யூரியா போட்டுப் பத்து நாள்.

உறுதிப்படுத்தக் கட்டுரையைத் தேடினேன்.
இருபத்துநாலு மணித்தியாலம் பார்க்க
முப்பத்தொன்பது டொலர்.
அவளுடைய கிணறு, நான் அள்ளின தண்ணீர்.
ஊரின் பெயரே நீர்வேலி,
இதற்குமேல் யார் பகிடி விடுவது?
கொப்பியைப் பார்த்தேன். "பதினேழு. நல்ல தண்ணி."
"அந்தக் கணக்கை எனக்குக் காட்டேலாதோ?"

வேலி எங்களுக்குப் புதிதில்லை.
கதியால் ஒரு சாண் நகர்ந்தால்
கோடு கச்சேரி ஏறுகிற ஆட்கள்.
பதினெட்டு வருசம் வழக்காடிய வளவுகளுக்கு நடுவிலும்
எங்கேயோ ஒரு பொட்டு இருக்கும்.
இரண்டு கிடுகு விலக்கி, ஆள் குனிந்து போக,
கறிவேப்பிலை போக,
செத்தவீட்டுச் செய்தி போக.

அன்றிரவு கொப்பி முழுவதையும் தட்டச்சு செய்தேன்.
பற்றரி செத்த ஆவணி ஒன்பது நாளை
வெறுமையாகவே விட்டேன்.
எவரும் எடுக்கலாம், பிழையென்றால் சொல்லுங்கோ என்று
தமிழிலும் இங்கிலீசிலும் எழுதி
வெளியே வைத்தேன்.

பேராசிரியர் மூன்று நாள் முகம் பார்க்கவில்லை.
நாலாம் நாள்,
"எங்கட உழைப்பை மற்றவன் கொண்டுபோய்..."
முடிக்கவில்லை அவர்.
அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு.
இந்த மண்ணை டப்பாவில் கொண்டுபோனவர்கள்
ஒருத்தரும் கடிதம் போடவில்லை.

முதலில் எழுதியவள் இத்செல்,
மெக்சிக்கோவில் மெரிடாவாம்.
அங்கும் சுண்ணாம்புக்கல், அங்கும் கடல் ஏற
கிணறு மூச்சிழுக்குமாம்.
"உங்கள் கடிகாரம் அரை மணி பிந்துகிறது.
கடலுக்கு முன்னமே உங்கள் கிணறு ஏறுகிறதே."
பார்த்தேன். ஐந்தரை என்று வைக்கவேண்டியதை
யாரோ ஐந்து என்று வைத்திருக்கிறார்கள்.
யாரோ இல்லை, நான்.
கட்டுரையைப் பரிசோதித்த மூன்று பேரும்
கடலைக் கேட்கவில்லை.

அடுத்தது லோஜினி.
போனில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.
"பதினேழுக்குப் பத்தொன்பது அடி எண்டு கிடக்கு.
என்ர கிணத்துக்கு இருபத்தெட்டடிக் கயிறே
சித்திரையில காணாது.
பதினாறுதான் என்ர. பதினேழு செல்வநிதி வீட்டை."

பதினாறில் எழுபத்துமூன்று.
ஐம்பதுக்கு மேல் பிள்ளைக்கு ஆகாது.
ஆறு நாள் அதில்தான் மாக் கரைத்திருக்கிறாள்,
என் வாய்ச்சொல்லை நம்பி.

"பிள்ளை சுகமோ?"
"சுகம். நேற்றும் சிரிச்சவன்."
"கொதிக்க வைச்சாலும் சரிவராது. இப்பவே நிப்பாட்டுங்கோ,
கடைத் தண்ணி வாங்குங்கோ.
நாளைக்கு வந்து ரண்டு கிணத்திலயும் திரும்ப அள்ளுறன்.
சரியெண்டால் செல்வநிதியிட்ட எடுக்கலாம்."
"அவையோட கதை இல்லை."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பொட்டு இருக்கு," என்றாள்.

திருத்தம் இரண்டு:
16, 17 இடம் மாறியுள்ளன.
கண்டுபிடித்தவர் க. புவனலோஜினி,
வெங்காயச் செய்கை, நீர்வேலி.

சஞ்சிகைக்கும் எழுதினேன்.
பதில் தானாக வந்தது:
பரிசீலனையில். தொண்ணூறு வேலைநாள்.

மூன்றாம் நாள் முடிவோடு போனேன்.
பதினேழு நல்ல தண்ணீர்தான்.
ஆனால் சொல்வதற்கு முன்னமே
கிடுகு இன்னும் கொஞ்சம் விலகியிருந்தது.
பொட்டடி மண்ணில்
வாளி தளும்பிய ஈரம்.
யார் எந்தப் பக்கமிருந்து தூக்கிக்கொண்டு வந்தது என்று
நான் கேட்கவில்லை.