எறும்பு ஏறிய டிரம்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால் ஆக்கர் கடை.
நீல டிரம் பத்துப் பதினைந்து
வெயிலில் சரிந்து கிடந்தன.
ஒவ்வொன்றின் வாயிலும் தலையை விட்டு மோந்தேன்.
றாபின்சன் சிரித்தான்:
"மீனுக்கு வீடா, பொண்ணுக்கு மாப்பிள்ளையா,
எதுக்கு இந்தப் பார்வை?"

மூன்றாவதில் மூக்கு நின்றது.
ரப்பர் ஷீட் அடிக்கும் புரையின் புளித்த காட்டம்.
பால் உறைய ஊற்றுகிற ஆசிட்.
"மூணு தண்ணி விட்டுக் கழுவியாச்சு."
கழுவியிருப்பான். பொய்யில்லை.
பதினாறு வருஷம் அண்டியாபீசில் அண்டி தல்லியவள் நான்.
தோட்டெண்ணெய் விரலில் ஏறினால்
சாம்பல் தேய்க்க, சோப்புப் போட,
போனமாதிரிதான் இருக்கும்.
ராத்திரி சோறு பிசையும்போது வெளியே வரும்.
பிளாஸ்டிக்கும் ஒரு தோல்தான்.
குடித்ததை உடனே சொல்லாது.

திருவட்டாறில் எனக்கு மூணரை சென்ட்.
வீடு போக மிச்சம் ஒரு கட்டில் போடுமளவு.
அதில் கீழே மீன், மேலே கல்படுகையில் கீரை.
மீன் கழித்ததைக் கீரை தின்னும்,
கீரை விட்ட தண்ணீரில் மீன் மூச்சு விடும்.
மண் கிடையாது.
மண் இருந்தால் கொஞ்சம் மன்னிக்கும்.
இங்கே ஒரு சொட்டு விழுந்தாலும்
சுற்றிச் சுற்றி
என் சட்டிக்குத்தான் வரும்.

தம்பி வில்பிரட் பைக்கில் ஒரு சாக்கு கொண்டுவந்தான்,
மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல்.
"சும்மா கிடக்கு அக்கா."
அந்தக் கறுப்பை அளக்கவே தனி மிஷின் வைத்திருக்கிறார்கள்,
எடுத்த இடத்திலேயே தட்டிவிட்டு வா என்றேன்.
பழைய கதவுப் பலகை வந்தது. கரையான் மருந்து குடித்தது.
அதுவும் வேண்டாம்.
கல்லில் ஒரு பிடி கிண்ணத்தில் போட்டு
வினிகர் ஊற்றினேன்.
சிப்பி கலந்தது சோடாபோல் பொங்கியது.
குவாரி ஜல்லி
அசையவேயில்லை. அதை எடுத்தேன்.

டிரம் கடைசியில் மார்த்தாண்டத்தில் கிடைத்தது,
தேன் வைத்திருந்தது.
அடியில் முக்கோணத்துக்குள் ரெண்டு என்று இருந்தது;
அதன் அர்த்தம் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.
வழியில் றாபின்சன் அந்த மூன்றாவதையும்
"காசு வேண்டாம், கொண்டு போங்க" என்று
ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.
இரண்டையும் மூடாமல் முற்றத்தில் வைத்தேன்.
காலையில் தேன் டிரம்மின் வாய் முழுக்க எறும்பு.
மற்றதன் பக்கம் வந்த வரிசை
ஒரு முழம் தள்ளி வளைந்து போயிருந்தது.

இவ்வளவும் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் இரண்டு குஞ்சு மேலே வந்து வாய் பிளந்தன.
ஏழாம் நாள் ஒன்பது மிதந்தன.
டிரம்மை மோந்தேன். கல்லை மோந்தேன்.
பிளம்பர் ஆன்றோ வைத்த வளைவுக்குழாய்
ஒரு சாண்தான்,
துத்தநாகம் பூசிய இரும்பு,
புதுக் கொலுசு மாதிரி மினுங்கியது.
அவன் பூட்டும்போது பக்கத்தில்தான் நின்றேன்.
அழகாயிருக்கு என்றுகூடச் சொன்னேன்.
செம்மண்ணில் ஊறும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சற்றுப் புளிப்பு.
அந்த மினுக்கத்தை நக்கி நக்கி
மீனுக்குக் கொடுத்திருக்கிறது.

குழாயைக் கழற்றி பி.வி.சி. போட்டேன்.
வேண்டாமென்று தள்ளிய சிப்பியில் ஒரு பிடி
பழைய தாவணித் துணியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டேன்,
புளிப்பு அடங்க.
படுகை நிறைய என்றால் கெடுக்கும்,
ஒரு பிடி காக்கும்.
எவ்வளவு என்பதை யாரும் எழுதித் தரவில்லை.
நாக்கிலும் காகிதப் பட்டையிலும் தினமும் பார்க்கிறேன்.

இப்போது குஞ்சுகள் சுண்டுவிரல் நீளம்.
தண்டங்கீரையை முதல் முறை கிள்ளியபோது
முதலில் நானே பச்சையாய்த் தின்றேன்,
மகனுக்குக் கொடுக்கும் முன்.

மூன்றாவது டிரம்மைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
கொடுத்தால் வேறு ஒருத்தி
இன்னும் ஒரு தண்ணி ஊற்றிக் கழுவி
குடிக்கப் பிடித்துவைப்பாள்.
கம்பியைப் பழுக்கக் காய்ச்சி
அடியில் ஏழு ஓட்டை போட்டேன்.
மழை அதில் நிற்பதில்லை.
எறும்பு இன்னும் வளைந்துதான் போகிறது.