மணிக்கு ஆறு மில்லிமீட்டர்

மழையைப் பார்க்கக் கற்ற ரேடார்
மழையே பெய்யாத ஊருக்கு வந்து
மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அட்டகாமா. செம்புச் சுரங்கம்.
எண்ணூறு மீட்டர் பள்ளத்தின் விளிம்பில்
ஒரு தகர அறை, ஆறிய காபி,
இரவு முறைக்கு நான், யஸ்னா சோக்கே.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
எதிர்ச் சுவரைத் தடவித் திரும்பும் அலை.
போன தடவை இருந்த இடத்திலேயே
இருக்கிறாயா?
அவ்வளவுதான் கேட்கும்.
நீலம் என்றால், ஆமாம்.
மஞ்சள் என்றால், மலை யோசிக்கிறது.

இக்கீக்கே துறைமுகத்தில்
என் தங்கையும் ரேடார்தான் பார்க்கிறாள்.
அவளுக்குக் கப்பல்கள், நகர்பவை.
எனக்கு
நகரவே கூடாதது.

மார்ச்சில் ஒருமுறை
எல்லோரையும் மேலே ஏற்றினேன்.
தூசுக் காற்று. சுவர் அசையவே இல்லை.
ஐந்து மணி நேர உற்பத்தி எவ்வளவு என்று
மேலாளர் பால்டொமேரோ கணக்குப் போட்டு
என் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.
நான் கிழிக்கவில்லை.

இன்று மூன்று பத்துக்கு
வடக்குச் சுவர், மணிக்கு இரண்டு மில்லிமீட்டர்.
மூன்று நாற்பதுக்கு நான்கு.
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
விளக்கொளியில் சுவர் சுவராகவே நின்றது.
மலையை மலைபோல் நம்பத்தான்
கண்ணுக்குத் தெரியும்.

தாளைப் பார்த்தேன்.
திரையைப் பார்த்தேன்.
ஆறு.

"எலியோடோரோ, மேலே வா."
"வாளி பாதிதான் நிரம்பியிருக்கு."
"அப்படியே விட்டுட்டு வா."
ஏதோ சொன்னான், ஸ்பானிய மொழியில் அல்ல,
அவன் அம்மாவின் அய்மாராவில்.
எனக்கும் அது புரியும் என்பதை மறந்து.

பதினொரு லாரிகள்.
வளைந்து வளைந்து ஏறும் விளக்குகளை எண்ணினேன்.
பத்து.
மறுபடியும் எண்ணினேன்.
பத்து.
பதினொன்றாவது, முன்விளக்கு உடைந்தது,
இருட்டோடு இருட்டாக என் கதவருகில் வந்து
ஹாரன் அடித்தபோதுதான்
மூச்சு விட்டேன்.

ஐந்து ஐம்பதுக்கு வடக்குச் சுவர்
உட்கார்ந்தது.
விழுந்தது என்று சொல்ல முடியாது,
களைத்தவர் உட்கார்வதுபோல்.
சத்தம் பிறகு வந்தது.
தூசு அதற்கும் பிறகு.
அன்று விடியல் தாமதம்.

அறிக்கையில்
'உயிரிழப்பு' என்ற கட்டத்தில்
ஒரு பூஜ்ஜியம் போட்டேன்.
இரண்டாவது முறை பேனாவை அழுத்திச் சுற்றினேன்.
பால்டொமேரோ வந்தார். ஒன்றும் பேசாமல்
அந்தத் தாளைப் பிரிக்கப் பார்த்தார்.
பசை நல்ல பசை, பாதிதான் வந்தது.

செய்தித்தாளில் எதுவும் இல்லை.
யாரும் சாகவில்லையே.

எலியோடோரோ மட்டும்
ஒரு வாரம் என்னைத் திட்டினான்:
இயந்திரத்துக்குள்
அவன் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்ததாம்.
புதுசாம்.